எந்தக் கிணற்றில் விடுவது?

நீரை வடிகட்டிப் பருகும் நம் வழக்கம் எத்துணைத் தொன்மையானது என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வழக்கத்தின் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் முகந்த அதே கிணற்றில், வடித்த நீர் ஊற்றிக் கழுவி விடுதல் வேண்டும் என்பதே அது. வேற்று நீர் அவற்றுக்கு ஒவ்வாது என்பது முன்னோர் கருத்து.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களை விட்டுச் சென்னையில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய இல்லம் ஒன்றில் லாரித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்த மூதாட்டியார், "இதை எந்தக் கிணற்றில் விடுவது?" என்று வினவினார். இளையோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடினால் கடற்கரைக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. கடலோர நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் கடல்நீரைத் தள்ளி நிறுத்தும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். கடன் கொடுத்தவர்கூட இத்தகைய வட்டி கேட்பதில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைச் சூழ்ந்த ஆற்றுப்படுகையில் நிகழ்ந்தது இதுவே. நகரத்தின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் கழனிகளுக்குமாக இறைத்த இறைப்பில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987இல் சட்டம் இயற்றப்பட்டது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் கண்டோம்.

ஒரு மாந்தன் நுகர்வதற்கெல்லாம் எவ்வளவு நிலமும் நீரும் தேவை என்று அளக்கும் முறையொன்றை, 1990களில் கனடாவின் வான்கூவரில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகெல் என்னும் இருவர் வகுத்தனர். அதற்குச் சூழலியல் அடிச்சுவடு என்று பெயர். அடிச்சுவடு என்றவுடன் நமக்குப் பொன்னூர் மலையில் நாம் வணங்கும் குந்தகுந்தரின் பாதங்களே நினைவுக்கு வரும். ஏறத்தாழ எதனையும் கொள்ளாது வாழ்ந்தவரின் சுவடு அது. நம் சுவடோ நாம் கண்டிராத ஊரின் கிணற்றில் பதிந்திருக்கிறது.

இங்கு ஒரு தடை எழும். இல்லறத்தார் விலக்க வேண்டுவது எண்ணிச் செய்யும் கொலையையே; நீர், நிலம் முதலிய ஓரறிவுயிர்களைத் தேவைக்குப் பயன்கொள்ள அணுவிரதம் இடமளிக்கிறதன்றோ? உண்மைதான். இந்தத் தடையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் பயனின்றி மண் அகழ்தல், நீர் சிந்துதல், தீ மூட்டல், செடி கொய்தல் ஆகியவற்றை அநர்த்த தண்டம் என்று இரத்தினகரண்டக சிராவகாசாரம் விலக்குகிறது. தேவைக்கும் வீணுக்கும் எல்லை காண அளவு தெரிய வேண்டும். ஊர்க் கிணற்றில் இறைத்த நாளில் கயிற்றின் நீளமே அளவைச் சொல்லிற்று. கோடையில் கை வலித்தது. குழாயைத் திருகும் கைக்கு அத்தகைய அறிவிப்பு ஏதுமில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றில் நடுவிலிருப்பதை மறைப்பதற்கென்றே குழாய் அமைந்ததோ என்று சில வேளை தோன்றுகிறது.

இன்று பல இல்லங்களில் துணியின் இடத்தை ஆர்.ஓ. கருவி பிடித்துள்ளது. ஒரு குடம் தர அது இரண்டு மூன்று குடங்களைச் சாக்கடைக்கு அனுப்புவதுண்டு. வடிகட்டுகிறோம் என்ற நிறைவு மட்டும் நம்மிடம் குறையவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரை அடுத்து 2010இலும், நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பட்டன. அவை நகரின் துயரைத் தணித்தன என்பதை மறுக்கலாகாது. ஆனால் மிகுந்த மின்சாரம் வேண்டும்; எஞ்சும் கடும் உவர்நீர் மீண்டும் கடலில், அங்குள்ள உயிர்களிடையே விடப்படுகிறது. எடுத்த நீரில் விடுவது என்னும் மரபு இவ்வாறு தலைகீழாக நிறைவேறுகிறது.

அம்மூதாட்டியார் அன்று துணியை மாடித் தொட்டியிலேயே கழுவினார். அடுத்த முறை லாரி வந்தபோது, நீர் எவ்வூரிலிருந்து வருகிறதென்று ஓட்டுநரிடம் கேட்டார். மீஞ்சூருக்கு அப்பால் ஓர் ஊரின் பெயரை அவர் சொன்னார். அன்று முதல் தம் நீராடலுக்கு ஒரு வாளி என்று மூதாட்டியார் அளவு வகுத்துக்கொண்டார். எத்தனை நாளைக்கு என்று நாம் கேட்கவில்லை.