ஒரு பிடி மாவு

ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு



வடகிழக்குப் பருவமழை நம் கரைக்கு வந்துவிட்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுகிற நாள்களில் வள்ளங்கள் மணலில்தான் கிடக்கின்றன. உப்பளங்களில் மழைத்தண்ணீர் நிற்கிறது. தை பிறந்து பாத்தி சீராகும்வரை அங்கே கூலி இல்லை. வீட்டுக்கு வீடு சளி, காய்ச்சல், மூட்டுவலி. இப்படிப்பட்ட நாளில் எல்லாரும் தேடிப் போகிற இடம் அடுக்களைதான். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம் நுரை கட்டுகிற வாசம் வந்தால், சோறே வேண்டாமென்று சுருண்டு படுத்திருந்த பிள்ளையும் எழுந்து உட்காருகிறது. சுக்கும் மல்லியும் உடன்குடிக் கருப்பட்டியும் சேர்ந்த காப்பி தொண்டையில் இறங்கும்போது, உடம்போடு மனசும் கொஞ்சம் இளகுகிறது.

இந்த ஆறுதலுக்கும் கடவுளுக்கும் என்ன தொடர்பு என்று நாம் யோசிப்பதில்லை. கோவிலில் கிடைப்பது அருள், வீட்டில் கிடைப்பது சாப்பாடு என்று பிரித்து வைத்துவிட்டோம். ஆனால் இன்றைய முதல் வாசகம் நம்மை நேராக ஓர் ஏழை வீட்டு அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எலியாவின் காலத்தில் வானம் அடைபட்டுக் கிடந்தது. ஆகாபு அரசனும் அவன் மனைவி ஈசபேலும் பாகாலை வணங்கினார்கள். மழையையும் விளைச்சலையும் தருகிறவன் பாகால் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மழைக்கு உண்மையான ஆண்டவர் யார் என்பதைக் காட்டவே அந்த வறட்சி வந்தது. முதலில் கெரீத்து ஓடையோரம் காகங்கள் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. பிறகு அந்த ஓடையும் வற்றியது. அப்போது ஆண்டவர் அவரைச் சாரிபாத்துக்கு அனுப்புகிறார். அது சீதோனைச் சேர்ந்த ஊர். ஈசபேலின் தந்தை அரசாண்ட நாடு. பாகாலை வணங்குகிற மண்ணிலேயே, யூதரல்லாத ஒரு கைம்பெண்ணின் அடுப்பை நம்பித் தம் இறைவாக்கினரை அனுப்பிவைக்கிறார் கடவுள். பின்னாளில் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு இந்தப் பெண்ணை எடுத்துச் சொன்னபோது, ஊராரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தாயின் நிலையைப் பாருங்கள். ஊர் வாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் சாவதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். எங்கேயோ நடந்த பழங்கதை என்று இதை நினைக்க வேண்டாம். கடலும் உப்பளமும் ஒரே நேரத்தில் கைவிரிக்கிற கார்த்திகையில், அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்து, இது எத்தனை நாளைக்கு வரும் என்று மனக்கணக்குப் போடுகிற தாய்மார்கள் இந்தக் கோவிலிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவரிடம் எலியா தண்ணீர் கேட்கிறார். பிறகு அப்பமும் கேட்கிறார். அதுவும் தமக்கே முதலில் ஒரு சிறு அப்பம் செய்து கொண்டுவரும்படி கேட்கிறார். நெஞ்சு பொறுக்காத கோரிக்கைதான். ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். எலியா சாப்பிட்டுவிட்டுத் தம் வழியே போய்விடவில்லை. அந்த வீட்டு மாடியறையிலேயே தங்கினார். அந்தப் பானை காலியானால் தாயோடும் மகனோடும் சேர்ந்து தாமும் பட்டினி கிடக்கத் துணிந்தார். இன்றைய நற்செய்தியில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். அவர்களுக்கு நேர் எதிரே நிற்கிறவர் எலியா. ஏழையோடு ஒரே பானையில் சாப்பிடத் துணிந்தவருக்குத்தான் ஏழையிடம் கேட்க உரிமை உண்டு. குருக்களாகிய எங்களுக்கும், பங்குப் பேரவைக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் ஆண்டவர் இன்று சொல்கிற கண்டிப்பான சொல் இது.

அந்தத் தாய் முதல் அப்பத்தைக் கொடுத்தபின் நடந்த புதுமையை இப்போது கவனியுங்கள். பானை நிரம்பி வழிந்தது என்று விவிலியம் சொல்லவில்லை. மாவு தீரவில்லை, எண்ணெய் குறையவில்லை என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு காலையும் அந்தத் தாய் மூடியைத் திறந்து பார்த்திருப்பார். அன்றைக்கு வேண்டியது இருந்திருக்கும். மூட்டை மூட்டையாகக் கிடைத்திருந்தால் ஒருமுறை நன்றி சொல்லிவிட்டு மறந்திருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்ததால் தினமும் நம்ப வேண்டியிருந்தது. இயேசு கற்றுக்கொடுத்த செபத்திலும் ஆண்டு முழுவதற்குமான நெல்லை நாம் கேட்பதில்லை. இன்றைக்கான உணவைத்தான் கேட்கிறோம். கடவுள் தருகிற ஆறுதலின் அளவு இதுதான் என்று நான் நம்புகிறேன். ஒரு நாளைக்குத் தேவையான ஒரு பிடி. அந்த ஒரு பிடியிலும் அடுத்தவருக்கு ஒரு பங்கு.

நம் மாவட்டம் இதைக் கண்ணால் கண்டிருக்கிறது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை கொண்டாடுகிற நாள். அன்று தொடங்கிய பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள், நாலாபக்கமும் வெள்ளம். பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் எடுத்துவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த ஊரும் அதே வெள்ளத்துக்குள்தான் இருந்தது. ரயிலில் இருப்பவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று விசாரித்துவிட்டு யாரும் உலை வைக்கவில்லை. சாரிபாத்துத் தாயின் வீடு அன்று ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

பெரிய வெள்ளம் வந்தால்தான் அடுப்பு புனிதமாகும் என்று எண்ணிவிடாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய துறவி வாழ்ந்தார். லொரேன் நாட்டில் பிறந்தவர். போர்வீரராக இருந்து காயம்பட்டவர். பதினெட்டு வயது இருக்கும்போது, குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இதில் இலை துளிர்க்கும், பூ வரும், காய் வரும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. கடவுளின் பராமரிப்பு அந்த நொடியில் அவரைப் பற்றிக்கொண்டது, கடைசிவரை விடவில்லை. பின்னர் பாரிசில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அதைக் கடவுள்மேல் கொண்ட அன்புக்காகவே செய்தார். பாத்திரங்கள் இடிபடுகிற சத்தத்துக்கும், நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு பொருள் கேட்கிற பரபரப்புக்கும் நடுவில், நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டிருக்கும்போது இருப்பதுபோலவே கடவுளோடு இருக்கப் பழகிக்கொண்டார். 1691இல் இறந்தார். பருவம் மாறுவதைப் பார்த்துக் கடவுளைக் கண்டுகொண்டவர், அடுப்படியில் நின்று அவரோடு வாழ்ந்தார்.

அன்பான தாய்மார்களே, சோறு வடிக்கும்போதும் மீன் ஆயும்போதும் செபிக்க நேரமில்லையே என்று வருத்தப்படாதீர்கள். அரிசி களையும்போது அந்தச் சோற்றை உண்ணப்போகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லுங்கள். அதுவே உங்கள் காலைச் செபம்.

இது நவம்பர் மாதம். இறந்தோரை நினைக்கிற மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தோம். இங்கே சிலருக்கு, அன்பான ஒருவர் இல்லாத முதல் மழைக்காலம் இது. கல்லறையில்கூட அடக்கிவைத்த அழுகை அடுக்களையில் வந்துவிடுகிறது. ஐந்து பேருக்கு அளந்து பழகிய கை, இன்னும் ஐந்து பேருக்கே அரிசி போடுகிறது. அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது யாருக்காக இதை வைக்கிறோம் என்று கரண்டி நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கூடுதல் அரிசி உங்கள் அன்பு. அந்த ஒரு பங்கை ஒரு தூக்குவாளியில் போட்டு, ஆக்கித்தர ஆளில்லாமல் தனியே கிடக்கிற ஒரு பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இறந்தவருக்காக நீங்கள் ஒப்புக்கொடுக்கிற திருப்பலியோடு இந்த ஒரு கிண்ணக் குழம்பையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார்.

சமைக்கிறவரைத் தேற்றுவது யார் என்பதையும் இன்று நாம் கேட்க வேண்டும். விடியுமுன் எழுந்து, எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கடைசியில் நின்றபடியே சாப்பிடுகிற தாய்க்கு யார் பரிமாறுகிறார்கள்? ஆண்களே, இளைஞர்களே, இது உங்களுக்கு. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் என்ன செய்தார்? இரவெல்லாம் வலைபோட்டு ஒன்றும் கிடைக்காத மீனவர்களுக்காகக் கரியடுப்பு மூட்டினார். மீன் வைத்தார், அப்பம் வைத்தார், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டு, தம் கையாலேயே கொடுத்தார். சாவை வென்றவர் அடுப்பு மூட்டினார் என்றால், அடுக்களை வேலை எந்த ஆணுக்கும் குறைவில்லை. கடலுக்குப் போகாத இந்த நாள்களில் உலை வையுங்கள், பாத்திரம் கழுவுங்கள், வீட்டுப் பெண்களை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். கடலில் பட்ட பாட்டை உங்கள் பிள்ளைகள் காணாமல் இருக்கலாம். இதைக் காண்பார்கள், மறக்க மாட்டார்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் நம் வீட்டுப் பெரியவர்கள் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் உப்பு மோரில் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். மீன் மலிந்த நாளில் கருவாடு போடுகிறார்கள். அந்த வெயில்தான் மழைநாளில் வற்றல் குழம்பாகித் தட்டுக்கு வருகிறது. விசுவாச வாழ்வும் அப்படித்தான். உடம்பில் தெம்பும் வீட்டில் சிரிப்பும் இருக்கிற காலத்தில் சொல்லிப் பழகின செபம்தான், மருத்துவமனை வராந்தாவில் வார்த்தை வராத நேரத்தில் நாவில் வந்து நிற்கும். நல்ல காலத்தில் குடும்ப செபமாலையை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது அலுப்பாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்லிக்கொடுங்கள்.

நற்செய்தியில் வருகிற கைம்பெண் இரண்டு செப்புக்காசுகளைப் போட்டார். தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் தம் பிழைப்பையே போட்டார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த இயேசு, சில நாள்களில் தம்மையே முழுவதும் தரப்போகிறவர். ஒரே முறை தம்மைப் பலியாக்கினார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறதே, அந்த ஒரே பலியின் உணவுதான் இந்தப் பீடத்தில் நமக்குப் பரிமாறப்படுகிறது. கோதுமை மாவால் ஆன அப்பம். அதுவும் ஒரு பிடி மாவுதான். அதையே தம் உடலாக்கித் தருகிறார். ஆகவே நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டும் இந்தப் பீடமும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை.

இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். ஒரு நாளில் ஒரு வேளையாவது, தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிடும் முன்னும் பின்னும் நன்றி சொல்வோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் இந்த நல்ல பழக்கத்துக்குத் திரும்பும்படி நம் எல்லாரையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவதாக, நம் தெருவில் இந்த மழையில் அடுப்பு எரியாத வீடு எது என்று விசாரித்து, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் ஒரு பங்கு கொண்டுபோவோம். நம் அன்பியங்கள் இன்று மாலையே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும். மழை விடும்வரை இந்தப் பங்கில் ஒரு குழந்தைகூடப் பசியோடு தூங்கக் கூடாது.

எலியாவுக்கும் அந்தத் தாய்க்கும் அவர் மகனுக்கும் அன்றன்றைக்குப் படியளந்த ஆண்டவர், நம் வீடுகளுக்கும் படியளப்பார். அவரை நம்பி முதல் அப்பத்தைப் பகிர்ந்துகொள்கிற துணிவை நமக்குத் தருவாராக. ஆமென்.