எது நமது?

"கலப்பில்லாத பண்பாடு வேண்டும்" என்று நண்பர் ஒருவர் பேசும்போதெல்லாம் எனக்கு இத்தாலியரின் தக்காளி நினைவுக்கு வரும். அவர்கள் உணவின் உயிரே அதுதான் என்கிறோம். ஆனால், 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. நம் குழம்பு மிளகாய்க்கும் அதுவே பிறந்த மண்!

இத்தாலி ஒரே அரசானதும் 1861-ல்தான். 1891-ல் ஆர்ட்டூசி பல ஊர்ச் சமையலை ஒரு நூலில் தொகுத்தார். 1951-ல் ஜியோர்ஜினி, பாரிஸைப் பார்த்துத் தைக்காத ஆடைகளைத் தம் பிளாரன்ஸ் வீட்டில் அமெரிக்க வணிகர்களுக்குக் காட்டினார். இத்தாலியர் என்னும் அடையாளம் இப்படிச் சிறுகச் சிறுக ஆக்கப்பட்டதே.

கைக்கு வந்ததைப் பக்குவம் செய்து தனதாக்கிக் கொள்வதே பண்பாடு என்பேன். அப்படியானால், கடல் கடந்து வந்த தக்காளிக்கு அடுப்படியில் இடம் கொடுத்துவிட்டு, கடல் கடந்து வந்த மனிதனை மட்டும் வாசலிலேயே நிறுத்துவது என்ன நியாயம்?