இயந்திரத்திடம் மட்டும் சொல்லும் உண்மை

விடுப்பில் இருக்கும் இருவரின் தானியங்கிப் பதில்கள் ஒன்றுக்கொன்று பதில் போட ஆரம்பித்தால் என்ன ஆகும்? "நான் ஊரில் இல்லை" என்று ஒன்று சொல்லும், "நானும்தான்" என்று மற்றது சொல்லும். யாராவது நிறுத்தும்வரை ஓயாது.

இதைத் தடுக்க 2004-இல் ஆர்எஃப்சி 3834 வந்தது. தானாகப் போகும் மின்னஞ்சல் தன் தலைப்பகுதியில் 'ஆட்டோ-சப்மிட்டட்' என்று குறித்துவிட வேண்டும். அதைப் பார்க்கும் மென்பொருள் பதில் போடாமல் விட்டுவிடும். குறிப்பு இல்லையென்றால், ஆள் எழுதியதாகக் கொள்ளலாம்.

ஆனா அந்தக் குறிப்பு நம்ம கண்ணுக்குப் படுறதில்லை. மின்னஞ்சல் செயலிகள் அதை மறைத்தே காட்டுகின்றன. வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு "உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்" என்று ஒரு மடல் வருகிறது. யாரும் எழுதாத மடல் அது என்ற தகவல் உள்ளேயே இருக்கலாம். சர்வருக்கு அது தெரியும். அவரோ யாரோ படித்திருக்கிறார்கள் என்று நம்பி, நன்றி எழுதி, பதிலுக்குக் காத்திருக்கிறார்.

இதைப் பொய் என்று சொல்லலாமா? நேரடியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் கேட்பவருக்குத் தேவையான உண்மையை வேறொருவரிடம் மட்டும் சொல்வதும் ஏமாற்றுதான். இரண்டு மென்பொருள்கள் வீணாகப் பேசிக்கொள்ளக் கூடாது என்று விதி எழுதினோம். ஒரு மனிதர் வீணாகக் காத்திருப்பதற்கும் அதே அக்கறை வேண்டாமா? "இது தானாக அனுப்பப்பட்டது, யாரும் இன்னும் படிக்கவில்லை." முதல் வரியிலேயே இதைச் சொல்லிட்டா போதும்.