பெருவிரல் சிலுவை

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். சென்னையிலும் வேறு பெருநகரங்களிலும் தொடங்கிவைத்த இணையம், நாங்கள் கோட்டாறில் பிரவுசிங் சென்டர் போட்ட 2002-லும் டெலிபோன் கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. மோடம் கீச்சிட்டு லைன் பிடிக்கும். ஒரு லைனை நாலு கம்ப்யூட்டர் பங்குபோடும். ஒருவர் வெப்கேம் போட்டால் மற்றவர்களுக்குப் பக்கம் திறக்காது.

குளச்சல் பக்கத்து அம்மா ஒருவர் ஞாயிறு பூசை முடிந்து வருவார். மகன் குவைத்தில். ஐ.எஸ்.டி. கட்டுப்படியாகாது. யாஹூ மெசஞ்சரில் அவன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். உதடு அசைந்து வெகுநேரம் கழித்துச் சத்தம் வரும். பேசி முடித்ததும் திரையில் அவன் நெற்றி இருக்கிற இடத்தில் பெருவிரலால் சிலுவை போடுவார். ஒருநாள் பாதிச் சிலுவையில் லைன் கட்டானது. படம் மட்டும் அப்படியே நின்றது.

"மக்களே, நான் போட்டது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?"

2002 பிப்ரவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று திட்டமாகச் சொல்லியிருந்தது. நன்மை, அதாவது நற்கருணை, வாங்க ஆள் நேரில் போகவேண்டும். சரிதான், அப்பம் வாயால் உண்ணவேண்டியது. ஆனால் நன்மை வாங்குவதற்குச் சற்று முன் பூசையில் நாம் சொல்கிற செபம் யாருடையது? கப்பர்நாகும் நூற்றுவர் தலைவனுடையது. நீர் என் வீட்டுக்கு வரவேண்டாம், இங்கிருந்தே ஒரு வார்த்தை சொல்லும், வேலைக்காரன் பிழைப்பான் என்று கேட்டவன் அவன். வேலைக்காரன் பிழைத்தான். அருகில் வந்தே ஆகவேண்டிய அப்பத்துக்கு முன்னால், தூரத்தை நம்பியவனின் சொல்லைத் திருச்சபை வைத்திருக்கிறது. அந்த அம்மா அதைச் சொல்லிவிட்டுத்தான் என் கடைப்படி ஏறினார்.

கோட்டாறு கோயிலின் சவேரியாரும் தூரம் அறிந்தவர். 1544-ல் இந்தக் கரையில் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். ஐரோப்பாவுக்கு எழுதினால் பதில் வர ஆண்டுகள் ஆகும். தோழர்கள் கடிதங்களில் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து எப்போதும் தன்னோடு வைத்திருப்பதாக 1546-ல் அம்போன் தீவிலிருந்து எழுதினார்.

"போய்ச் சேர்ந்திருக்கும் அம்மா. அவனுக்குத்தான் தெரியாது" என்றேன். இன்றும் அதுதான் என் எண்ணம். ஆசீர் கம்பியில் ஏறிப் போவதில்லை. கம்ப்யூட்டரைக் கண்ணால் காணாத நாளிலும் அவர் மகனுக்காகச் சிலுவை போட்டவர்தான். கம்பி கொண்டுபோனது, அம்மா இன்னும் சிலுவை போடுகிறாள் என்ற செய்தியை. பாலைவனத்தில் வேலைக்குப் போனவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் மறுபடி டயல் செய்தேன், லைன் கிடைக்கும்வரை.

2020 ஊரடங்கில் கோயில்கள் பூட்டிக்கிடந்தபோது வீட்டில் செல்போனில் பூசை பார்த்தோம். படம் தெளிவு, சத்தம் துல்லியம். நூற்றுவர் தலைவனின் செபத்தை நாங்களும் சொன்னோம். அதற்கடுத்து வரவேண்டிய அப்பம் வரவில்லை. அந்தப் பசியை எந்த நெட்டும் தீர்க்கவில்லை, தீர்க்கவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.