செய்பவன் இன்றிச் செயல் உண்டா?

ஒரு செயல் நடந்தால் அதைச் செய்த ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணம் மனித மனத்தில் ஆழமாக ஊறியது. ஆன்மா உண்டு என்போரின் வாதமும் உலகைப் படைத்த இறைவன் உண்டு என்போரின் வாதமும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. சிந்தனை நிகழ்கிறது, எனவே சிந்திப்பவன் உண்டு. உலகம் ஆக்கப்பட்டிருக்கிறது, எனவே ஆக்கியவன் உண்டு. இந்த ‘எனவே’ உலகத்தின் இயல்பிலிருந்து பிறக்கிறதா, எழுவாயும் பயனிலையுமாகப் பேசிப் பழகிய நாவிலிருந்து பிறக்கிறதா என்பது தத்துவம் விடாமல் கேட்டுவரும் கேள்வி. இலக்கணமும் சமயமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது.

எழுவாய் கட்டாயம் என்ற பழக்கம் ஆங்கிலத்தில் மிகக் கடுமையாக இருக்கிறது. மழை பெய்வதைச் சொல்ல ஆங்கிலேயர் ‘இட் ரெயின்ஸ்’ என்கிறார். அந்த ‘இட்’ வானத்தைக் குறிப்பதில்லை, மேகத்தையும் குறிப்பதில்லை. வினைக்கு முன்னால் ஒரு பெயர் நிற்கவேண்டும் என்ற விதிக்காக மட்டுமே அது நிற்கிறது. ஜெர்மானியரின் ‘எஸ் ரெக்னெட்’ என்பதிலும் இதே கதைதான். இத்தாலியரோ ‘பியோவே’ என்று வினையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

தமிழில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். பசியை உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். வினை அவரோடு இயையாமல் அஃறிணை ஒருமையில் முடிகிறது. பசி அவர் செய்யும் செயலாகச் சொல்லப்படவில்லை, அவருக்கு நேர்வதாகச் சொல்லப்படுகிறது. தெரிவது, புரிவது, பிடிப்பது, வலிப்பது என அகத்தே நிகழும் பலவற்றைத் தமிழ் இப்படியே சொல்கிறது. இன்றைய ஆங்கிலம் அவற்றைப் பெரும்பாலும் ‘ஐ’ என்ற எழுவாயின் செயல்களாகவும் நிலைகளாகவும் வைக்கிறது. ஆனால் பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் தமிழைப் போலவே பேசியது. பசியைச் சொல்லும்போது பசித்தவர் எழுவாயாக நிற்காமல் வேற்றுமை ஏற்று நின்றார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் ‘மீதிங்க்ஸ்’ என்ற வழக்கு அதன் எச்சம். ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதே அதன் பொருள். இந்தி இன்னொரு வகை. ‘ராம் ரொட்டி தின்றான்’ என்பதை இறந்தகாலத்தில் சொல்லும்போது வினையின் பால் ராமனோடு இயைவதில்லை, ரொட்டியோடு இயைகிறது. மொழிகள் செய்பவனை நடத்தும் விதம் இவ்வளவு வேறுபடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே செல்லவேண்டும்.

ரெனே டெக்கார்ட் 1637இல் பிரெஞ்சில் எழுதிய நூலில், எதை ஐயுற்றாலும் ஐயுறும் தன்னை ஐயுற முடியாது என்று கண்டு, தான் சிந்திப்பதிலிருந்தே தன் இருப்பை நிறுவினார். ஐரோப்பியத் தத்துவத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் நின்ற அடித்தளம் அது. அதன் மேல் கை வைத்தவர்களில் ஒருவர் கோட்டிங்கனில் இயற்பியல் கற்பித்த லிக்டன்பெர்க். மின்னல் வெட்டுவதை ஜெர்மன் மொழியில் பெயரற்ற ஒரு ‘அது’வை எழுவாயாக்கிச் சொல்வதைப் போல, ‘சிந்தனை நிகழ்கிறது’ என்ற அளவில்தான் டெக்கார்ட் நிறுத்தியிருக்கவேண்டும் என்பது அவருடைய கருத்து. ‘நான்’ என்று சேர்ப்பது வசதிக்காகச் செய்யும் அனுமானம். இந்த ஆட்சேபம் இலக்கண விளையாட்டு அன்று. சிந்தனை தோன்றுவதை மட்டுமே ஒருவர் நேரே காண்கிறார். அதற்குப் பின்னால் நிலையாக நிற்கும் ஒரு பொருளை அவர் காண்பதில்லை.

கிரேக்க, லத்தீன் மொழியறிஞராகப் பேசல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீட்சே இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1886இல் வெளியான நூலில் அவர் வைக்கும் கருத்து பெரிது: இந்திய, கிரேக்க, ஜெர்மானியத் தத்துவங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதற்குக் காரணம் அவை ஒரே மொழிக் குடும்பத்தின் இலக்கணத்தால் அறியாமலே வழிநடத்தப்படுவது, எழுவாய் என்ற கருத்து வலுப்பெறாத மொழிகளைப் பேசுவோர் உலகை வேறு வகையில் காண்பார்கள். மறுஆண்டு வெளியிட்ட நூலில், மின்னலையும் அதன் ஒளிர்வையும் பிரித்து மின்னலைக் கர்த்தாவாக்குவது போலவே, செயலின் பின்னால் செய்பவன் ஒருவனை மக்கள் கற்பித்துக்கொள்கிறார்கள் என்றார். ஆன்மாவும் கடவுளும் இலக்கணத்தின் நிழல்கள் என்பது அவர் முடிவு.

இந்தியாவைச் சாட்சிக்கு அழைத்தார் நீட்சே. அந்தச் சாட்சியை முழுக்க விசாரித்தால் அது அவருக்கு எதிராகவே பேசுகிறது.

‘சைத்ரன் கிராமத்துக்குச் செல்கிறான்’ என்பது சமஸ்கிருத நூல்களில் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டு. இந்த வாக்கியத்தைக் கேட்டவரின் மனத்தில் எழும் பொருளில் எது தலைமையானது என்பதில் மூன்று மரபுகள் பல நூற்றாண்டுகள் மோதிக்கொண்டன. நியாய மரபினரான நையாயிகருக்குத் தலைமை சைத்ரன். கிராமத்தை அடைவதற்கு ஏற்ற முயற்சியை உடையவன் சைத்ரன் என்று அவர்கள் வாக்கியத்தை விரிப்பார்கள். வினைவிகுதி குறிப்பது அந்த முயற்சியை. இலக்கணிகளான வையாகரணருக்குத் தலைமை செல்லுதல் என்ற தொழில். சைத்ரனும் கிராமமும் அந்தத் தொழிலைச் சிறப்பிக்க வந்தவர்கள். வினைச்சொல்லில் நிகழ்வே முதன்மை என்று யாஸ்கர் நிருக்தத்தில் வகுத்தது இவர்களுக்குத் துணை. வேத வாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகருக்குத் தலைமை பாவனை, அதாவது ஒரு பயனை உண்டாக்கும் ஆற்றல். விகுதி சொல்வது அதையே. செய்பவனை அது நேரே சொல்வதில்லை. செய்பவன் இல்லாமல் செயல் கூடாது என்பதால் அவன் உடன் கொள்ளப்படுகிறான். பதினேழாம் நூற்றாண்டில் கௌண்டபட்டர் எழுதிய வையாகரணபூஷணம் இந்த மூன்று கட்சிகளையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்கிறது.

ஒவ்வொரு கட்சிக்கும் பின்னால் ஒரு தத்துவம் நிற்கிறது. விருப்பு, வெறுப்பு, முயற்சி, இன்பம், துன்பம், அறிவு ஆகியவை ஆன்மாவின் அடையாளங்கள் என்பது நியாய சூத்திரத்தின் நிலை. ஆகவே வினைச்சொல்லின் உள்ளே முயற்சியைக் கண்டவருக்கு அதைத் தாங்கும் ஆன்மாவும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. மீமாம்சகருக்கோ வேதம் யாராலும் இயற்றப்படாதது. வேள்வி செய்க என்ற ஏவலை இட்டவன் என்று அங்கே ஒருவனும் இல்லை. ஏவல் சொல்லிலேயே தூண்டும் ஆற்றல் இருக்கவேண்டும். பேசுபவன் இல்லாத பேச்சை ஏற்றவர்களுக்குச் செய்பவனை வாக்கியத்தின் தலைவனாக வைக்கவேண்டிய கட்டாயம் எழவில்லை. மொழி ஒன்று, வாக்கியமும் ஒன்று, முடிவுகள் மட்டும் மூன்று. இலக்கணமே தத்துவத்தை ஆட்டிவைக்கிறது என்றால் இது நடந்திருக்க முடியாது. தத்துவத்தை முன்பே கைக்கொண்டு, அதற்கு ஏற்ப வாக்கியத்தைப் படித்தார்கள் என்பதே பொருத்தமாகத் தெரிகிறது.

நையாயிகரின் விளக்கத்தைத் ‘தேர் செல்கிறது’ என்ற எளிய வாக்கியம் சோதித்தது. தேருக்கு மனமில்லை, ஆன்மாவுமில்லை. முயற்சி எங்கிருந்து வரும்? அங்கே விகுதி இலக்கணையாக, அதாவது நேர்ப்பொருளை விட்டு வழிப்பொருளில், தொழிலுக்கு இடமாக இருப்பதைக் குறிக்கிறது என்று அவர்கள் விடை சொன்னார்கள். நேர்மையான விடைதான், ஆனால் விலை அதிகம். சைத்ரனுக்கும் தேருக்கும் விகுதி ஒன்றே. சைத்ரனிடம் முயற்சி உண்டு, தேரிடம் இல்லை என்பதை வாக்கியம் சொல்லவில்லை. உலகத்தைப் பார்த்துத்தான் அது தெரியவருகிறது.

இலக்கணிகள் இதைத் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். தொழிலில் சுதந்திரமாக நிற்பது கர்த்தா என்று பாணினி வகுத்தார். அந்தச் சுதந்திரம் பேசுபவன் கொடுப்பது என்பது பின்வந்தோரின் விளக்கம். சமைப்பவனைச் சொல்லாமல் ‘பானை சமைக்கிறது’ என்றால் அந்த வாக்கியத்தில் பானையே கர்த்தா. தொல்காப்பியமும் இதே தெளிவோடு பேசுகிறது. தொழில் நிகழத் துணையாவன என்று அது எண்ணும் எட்டில் செய்வதும் ஒன்று. வினை, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலியவற்றோடு அது வரிசையில் நிற்கிறது. செயப்படுபொருளையே செய்ததைப் போல வைத்துப் பேசுவதும் வழக்கு என்று வினையியல் ஒப்புக்கொள்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளவில்லை என்று அந்த வாக்கியத்தைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். வாக்கியத்தின் எழுவாய் வேறு, உலகில் செயலைச் செய்தவன் வேறு என்ற வேறுபாட்டை இலக்கண நூல் இதைவிடத் தெளிவாகச் சொல்லவேண்டியதில்லை.

நீட்சேயின் கருத்துக்கு மிக வலிமையான மறுப்பு பௌத்தம். பாலி மொழி சமஸ்கிருதத்தின் நெருங்கிய உறவு. எழுவாயும் வினைவிகுதியும் அதிலும் உண்டு. அந்த மொழியில்தான் ஆன்மா இல்லை என்ற கொள்கை எழுதிவைக்கப்பட்டது. சம்யுத்த நிகாயத்தில் மோலியபக்குனன் என்ற துறவி, உணர்பவன் யார் என்று புத்தரைக் கேட்கிறான். அந்தக் கேள்வியே முறையன்று என்கிறார் அவர். எதைச் சார்ந்து உணர்வு எழுகிறது என்று கேட்டால் விடை உண்டு: புலன் தொடர்பைச் சார்ந்து உணர்வு எழுகிறது. ‘யார்’ என்ற வினா எடுபட்டு ‘எதைச் சார்ந்து’ என்ற வினா அங்கே வருகிறது. வாக்கிய அமைப்பு விரிக்கும் வலையை, அந்த வாக்கியத்திலேயே பேசிக்கொண்டு, அறுத்துக் காட்டும் இடம் இது. உலகத் தத்துவ நூல்களில் இதற்கு இணையாக வைக்கத்தக்கவை சிலவே.

பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் மூலமத்யமக காரிகையின் இரண்டாம் அத்தியாயத்தில் ‘செல்பவன் செல்கிறான்’ என்ற வாக்கியத்தையே கையில் எடுக்கிறார். செல்பவன் என்று அழைத்தபோதே செல்லுதல் அவனோடு சேர்ந்துவிட்டது. பிறகு ‘செல்கிறான்’ என்று சொல்லும் இரண்டாவது செல்லுதல் எங்கிருந்து வந்தது? இரண்டு செல்லுதல் என்றால் செல்பவர் இருவர் வேண்டும். செல்லுதல் இல்லாத ஒருவன் செல்கிறான் என்பதும் பொருந்தாது. செய்பவனையும் செயலையும் தனித்தனிப் பொருள்களாக எண்ணுவோர் இந்த வாதத்துக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஆனால் நையாயிகர் இதை ஏற்கவில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டுவதால் பொருள் இல்லாமல் போய்விடாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எழுவாயை வைத்து ஆன்மாவை நிறுவ முடியாது என்றால், எழுவாயை உடைத்து ஆன்மாவை மறுக்கவும் முடியாது. நாகார்ஜுனரின் வாதம் இவ்வளவு கூர்மையாக இருந்தும் இந்த ஓர் இடத்தில் அது தளர்கிறது.

‘இருத்தல்’ என்ற வினையைச் சுற்றியும் இதே போன்ற விவாதம் உண்டு. ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழ் வினையின்றி முடிக்கும் இடத்தில் கிரேக்கமும் ஆங்கிலமும் இருத்தல் வினையைக் கொண்டுவரும். கடவுள் உண்டு என்று சொல்லவும் அதே வினை பயன்படும். அரிஸ்டாட்டிலின் பத்து வகைப்பாடுகள் கிரேக்க இலக்கணத்தின் வடிவங்களே என்று மொழியியலாளர் பென்வெனிஸ்ட் 1958இல் வாதிட்டார். அரபு மொழியில் அத்தகைய இணைப்பு வினை இல்லாததால் கிரேக்கத் தத்துவத்தை மொழிபெயர்ப்பதில் எழுந்த சிக்கலைப் பத்தாம் நூற்றாண்டிலேயே தத்துவ அறிஞர் அல்ஃபாராபி விரிவாக ஆராய்ந்தார். ஆயினும் இறையியலாளர் ஆன்செல்ம் இறைவனின் வரையறையிலிருந்தே அவன் இருப்பை நிறுவ முயன்றதை, இருப்பு ஒரு பண்பு அன்று என்று 1781இல் மறுத்த காண்ட், இருத்தல் வினை அதே இரண்டு வேலையையும் செய்யும் ஜெர்மன் மொழியில்தான் எழுதினார். மொழி தடையாக நிற்கவில்லை.

தமிழில் இலக்கணத்தைச் சமய வாதத்தின் வாசலிலேயே வைத்த நூல் சிவஞானபோதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் இயற்றிய அந்த நூல், ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் ஆகிய மூன்றின் சுட்டுப்பெயர்களால் உலகம் முழுவதையும் சுட்டித் தொடங்குகிறது. உலகிலுள்ள பொருளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்ட இந்த மூன்றும் போதும். அப்படிச் சுட்டப்படுவன தோன்றுகின்றன, நிற்கின்றன, அழிகின்றன. ஆகவே அவற்றை ஒடுக்கி மீளத் தோற்றுவிக்கும் ஒரு கர்த்தா உண்டு என்பது வாதம். இங்கே கவனிக்கவேண்டியது, முடிவு சுட்டுப்பெயரிலிருந்து வரவில்லை. உலகம் மாறுகிறது என்ற கண்கூடான செய்தியிலிருந்தும், மாறுவது தானே தன்னை ஆக்கிக்கொள்ளாது என்ற கொள்கையிலிருந்தும் வருகிறது. சுட்டுப்பெயர் எல்லை காட்டும் வேலையைச் செய்கிறது. சுட்டி அறியப்படுவன எல்லாம் அசத்து, அதாவது நிலையற்றவை. சிவம் சுட்டறிவுக்குள் வருவதில்லை என்று ஆறாம் சூத்திரம் அந்த எல்லைக்கு அப்பால் இறைவனை வைக்கிறது. தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் சூத்திரத்துக்கும் விருத்தி எழுதிய சிவஞான முனிவரே பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நூலுக்கு மாபாடியமும் எழுதினார். இலக்கணத்தை அதன் அளவறிந்து சமயத்துக்குப் பயன்படுத்திய முறைக்கு இந்த மரபு நல்ல சான்று.

எனினும் வாக்கிய அமைப்புக்குச் செல்வாக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கொள்கை இயல்பானதாகத் தோன்றும், எது முயன்று விளக்கப்படவேண்டியதாகத் தோன்றும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. ‘வலி உண்டு, வலிப்பவன் இல்லை’ என்ற கருத்து ‘எனக்கு வலிக்கிறது’ என்று பேசிப் பழகியவர் காதில் அவ்வளவு முரணாக ஒலிக்காமல் இருக்கலாம். ஆனால் அப்படிப் பேசிய தமிழர்தான் ஆன்மா உண்டு என்று நிறுவும் சைவ சித்தாந்தத்தையும் வளர்த்தார்கள்.

ஆன்மா உண்டா இல்லையா என்ற வழக்கு நடந்த உண்மையான களம் வேறு. கண்ணால் கண்டதையே கையால் தொட்டு அறிகிறேன் என்ற ஒருமைப்பாட்டை நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் ஆன்மாவுக்குச் சான்றாக வைத்தது. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்று பௌத்தர் அதை மறுத்தார்கள். அவர்களுக்கு விடையாக நையாயிகர் உதயணர் எழுதிய ஆத்மதத்துவ விவேகம் பௌத்தத் தரப்பின் நான்கு வாதங்களை எடுத்துக்கொண்டு மறுக்கிறது: பொருள்கள் கணத்தில் அழிவன என்பது, அறிவுக்கு வெளியே பொருள் இல்லை என்பது, பண்புக்கும் பண்பிக்கும் வேறுபாடு இல்லை என்பது, ஆன்மா அறியப்படுவதில்லை என்பது. வினைவிகுதி யாரைக் குறிக்கிறது என்ற வாதம் அந்த நான்கில் ஒன்றன்று.