எரிக்கப் போட்ட கடிதங்கள்

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில், விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் அன்றாடச் சாமான்கள்தான்: தோல் செருப்பு, மரச் சீப்பு, மையால் எழுதிய மெல்லிய மரத்தகடுகள். 1973-இலிருந்து, காற்று புகாத ஈரமண்ணில் கிடைத்த தகடுகள் இவை. பெரும்பாலானவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். சில மட்டும் இங்கே.

ஒன்றில், காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய சேதி. இன்னொன்றில், கிளாடியா செவரா தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள். கடைசி வரிகள் அவளே கைப்பட எழுதியவை.

கி.பி. 105 வாக்கில் படை இடம் மாறியபோது, லெபிடினா வீட்டுக் கடிதங்கள் பல நெருப்பில் போடப்பட்டன. எல்லாம் எரியவில்லை. ஒழியட்டும் என்று அவர்கள் விட்டுப்போனதைத்தான் நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் படிக்கிறோம்.

நான் மென்பொருள் எழுதுபவன். 'என் தகவலை அழித்துவிடு' என்று பயனர் கேட்டால் அதை மதிக்கணும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். செத்துப்போனால் அந்த உரிமை காலாவதி ஆகிவிடுமா? 'அது வரலாறுப்பா' என்று நழுவிவிடலாம்தான்.

ஆனால் அங்கே கிடைத்த வேறொரு தகடு, உள்ளூர் பிரித்தானியர்களை 'பிரிட்டுங்குலி' என்று இளக்காரமாகக் குறிப்பிடுகிறது. எதை விட்டுவைக்கலாம் என்று எழுதியவர்களிடமே கேட்டிருந்தால், பிறந்தநாள் அழைப்பு மிஞ்சியிருக்கும். இந்தச் சொல் மிஞ்சியிருக்குமா, சந்தேகம்தான். அந்த இளக்காரத்துக்கு ஆளானவர்கள் எழுதிவைத்த பதில் எதுவும் நம்மிடம் இல்லை. இந்தத் தகடு மட்டும்தான் அவர்கள் பக்கத்துச் சாட்சி.

ஒரு கடிதம் எழுதியவருக்கு மட்டும் சொந்தமில்லை. அது யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவருக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் படிக்கத்தான் வேண்டும் என்கிறேன். செவராவின் வரிகளை மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு.