கையில் இல்லாததைத் துறக்க முடியுமா

சொத்தில் தன் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்கிற பெண் புண்ணியம் செய்கிறாளா? எங்கள் பக்கத்தில் இதை ஒரு கேள்வியாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "நல்ல பிள்ளை, கேட்டதும் கையெழுத்துப் போட்டுட்டா" என்ற பாராட்டோடு பேச்சு முடிந்துவிடும். நான் மலேசியாவின் பத்து காஜாவில் ஒரு லோயர் ஆபிசில் பணி ஓய்வு பெறும்வரை கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள். அப்படிக் கையெழுத்துப் போட வந்த பெண்களின் அடையாள அட்டையை வாங்கிப் பிரதி எடுத்தவள். அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அது தர்மத்தைப் பற்றிய தவறான கணக்கு என்பது என் எண்ணம்.

2024 ஜனவரி முதல் இங்கே ஒரு சலுகை வந்திருக்கிறது. இறந்தவரின் சொத்தில் தனக்குச் சேரவேண்டியதை ஒரு வாரிசு இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுத்தால், அதற்கான முத்திரை வரி வெறும் 10 வெள்ளி. நல்ல சட்டம்தான். பல குடும்பங்களின் இழுபறியை அது தீர்த்துவைக்கும். ஆனால் வாரிசு என்ற நிலையிலேயே, தன் பெயர் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், ஏறுவதற்கு முன்பே விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பத்து வெள்ளி. பெயரை ஏற்றிக்கொண்டு பிறகு தம்பிக்குக் கொடுத்தால் கதை வேறு. கணவன் மனைவிக்குள் கைமாறினால் முழு விலக்கு உண்டு. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் பத்து லட்சம் வெள்ளி வரை 2023 ஏப்ரலிலிருந்து வரி இல்லை. அக்கா தம்பிக்கு மட்டும் எந்த விலக்கும் கிடையாது.

தமிழ்நாட்டில் இதற்கு விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் க்விட்கிளைம் என்று ஒரு பத்திரம் இருக்கிறது: 'இதில் எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டேன்' என்கிற வகை, உரிமை இருந்ததா என்பதற்கு எழுதிக் கொடுப்பவர் பொறுப்பேற்பதில்லை. மலேசியாவில் அந்தக் காகிதம் மட்டும் எதையும் நகர்த்தாது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் டோரன்ஸ் முறையில் எழுதப்பட்டது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பெயர் மாற 14ஏ பாரத்தில் சாட்சியோடு கையெழுத்திட்டு, முத்திரை வரி கட்டி, பதிவுக்குக் கொடுக்க வேண்டும். கிந்தா மாவட்டத்துக்கான நில அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊரில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய மாளிகையைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, அவர் மனைவி சொத்தை விற்றுவிட்டார். மாளிகை அரைகுறையாக நின்றது. அதைக் கட்டியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த மண்ணில் சாண் அகலம்கூடக் கிடையாது. வேலை போனால் லயன் வீடும் போய்விடும். விட்டுக்கொடுப்பதற்கு அந்தத் தலைமுறையிடம் ஒன்றும் இல்லை. அப்பா தன் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒற்றை மாடி வீடு ஒன்றை வாங்கினார். எங்கள் குடும்பத்தில் பெயர் எழுதிய முதல் கிராண்டு அது.

அவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி சொல்கிறது. தாத்தா பாட்டி உயிரோடு இல்லை, ஆகவே அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடு இல்லை. வீட்டின் மதிப்பு 270,000 வெள்ளி. அம்மாவுக்கு 90,000. எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 60,000, அதாவது ஒன்பதில் இரண்டு பங்கு.

பங்கீட்டுக்காக நில அலுவலகம் போனோம். விசாரணை அறையில் அதிகாரி மலாயில்தான் கேட்டார். "செத்துஜு?" சம்மதமா என்று அர்த்தம். தங்கை தம்பியைப் பார்த்தாள். தம்பி மேசையைப் பார்த்தான். அவள் "செத்துஜு" என்றாள், பேனாவை வாங்கினாள், தன் பங்கைத் தம்பிக்கு விட்டாள். அவள் மனதார விட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். அடுத்து என்னைக் கேட்டபோது, என் பங்கை என் பெயரிலேயே பதியச் சொன்னேன். அன்று மாலை அத்தை வீட்டுக்கு வந்து, "உங்கப்பன் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடல, அதுக்குள்ள பங்கா? உன்னைத்தான் தாரை வார்த்துக் கொடுத்தாச்சே" என்றார்.

தாரை வார்த்துக் கொடுத்துவிட்டால் பெண் பிறந்த வீட்டுக்கு அந்நியம், கொடுக்கப்பட்டவளுக்குக் கொடுக்கும் உரிமை ஏது என்பது அத்தையின் வாதம். அது அத்தை புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. வேதச் சடங்குகளை ஆராயும் பூர்வ மீமாம்சையில் இந்த வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. பெண் யாகம் செய்யலாமா என்ற கேள்வி ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. ஐதிசாயனர் என்ற ஆசிரியர் கூடாது என்கிற பக்கம். பெண் விற்று வாங்கப்படுகிறவள், அவளுக்கென்று பொருள் இல்லை, பொருள் இல்லாதவள் எதை அர்ப்பணிப்பாள் என்று எதிர்வாதம் போகிறது. ஜைமினி பாதராயணர் பக்கம் நிற்கிறார். மணப்பெண்ணுக்காகக் கொடுப்பது விலை ஆகாது, அது தர்மத்துக்காகக் கொடுப்பது. பலனை விரும்புவதில் அவளுக்கும் ஆணுக்கும் பேதமில்லை. அவளுக்குப் பொருளுடைமை உண்டு. ஆகவே அவளுக்கு யாகத்தில் அதிகாரமும் உண்டு. பெண் அர்ப்பணிக்கலாம் என்று நிறுவ, முதலில் அவள் உடையவள் என்று நிறுவ வேண்டியிருந்தது. இந்த வரிசைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதே அத்தியாயத்தில் விசுவஜித் யாகமும் வருகிறது. எல்லாவற்றையும் தானம் செய்யும் யாகம். அப்பா அம்மாவையும் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். முடியாது, அவர்கள் உன் உறவு, உன் உடைமை இல்லை. பூமியைக் கொடுக்கலாமா? அதுவும் முடியாது, ஒருவனுக்கு வயல் இருக்கலாம், பூமி எல்லாருக்கும் பொது. தன் உரிமையை நீக்கிப் பிறருடைய உரிமையை உண்டாக்குவதுதான் தானம் என்று மீமாம்சகர்கள் வரையறுத்தார்கள். நீக்குவதற்கு உரிமை இருக்க வேண்டும், அதைக் கொடுப்பவர் அறிந்திருக்கவும் வேண்டும். சட்டப்படி தங்கைக்கு உரிமை இருந்தது. ஆனால் அது தன்னுடையது என்று உணர அவளுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கப்படவில்லை.

கோயில் சைவ சித்தாந்த வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியர் மறுத்தார். யான், எனது என்ற பற்றை அறுக்கத்தானே சமயம், நீங்கள் 'எனது' என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொல்கிறீர்களே என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விசாரணை அறையில் 'எனது' எங்கேயும் அறுபடவில்லை. தங்கையிடமிருந்து கழன்று தம்பியிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். பற்றறுத்தல் அவ்வளவு உயர்ந்தது என்றால் அதை ஏன் மகன்களிடம் யாரும் கேட்பதில்லை? பரதன் அரசை வேண்டாம் என்றதற்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? கைகேயியின் வரத்தால் அது உண்மையிலேயே அவனுக்கு உரியதாகியிருந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் அவனை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே நின்றுகொண்டு அவன் மறுத்தான்.

என் பெயர் கொஞ்ச காலம் கிராண்டில் இருந்தது. பிரிபடாத பாகம் என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. இந்தச் சுவர் என்னுடையது என்று எதையும் தொட்டுக் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு செங்கல்லிலும் ஒன்பதில் இரண்டு எனக்கு உண்டு. என் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. தம்பியிடம் நிலவரியில் என் பங்கைக் கொடுத்தபோது, அவன் முதல்முறையாகக் கூரை ஒழுகுவதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டான்.

பிறகு அதை அவனுக்கே கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அம்மாவை அவன்தான் வைத்துப் பார்க்கிறான், பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு அவன்தான் அழைத்துப் போய் வருகிறான். 14ஏ பாரத்தில் கையெழுத்திட்டேன். 60,000 வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று, முத்திரை வரி 600 வெள்ளி. "அன்னைக்கே விட்டிருந்தா பத்து வெள்ளியோட முடிஞ்சிருக்குமே அக்கா" என்று தம்பி உண்மையாகவே வருத்தப்பட்டான். அந்த 590 வெள்ளியை வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பங்கு என் பெயரில் இருந்ததால்தான் நான் கொடுத்தேன் என்று சொல்ல முடிகிறது.

இப்போது அம்மாவின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. உறவுக்காரர்கள் வந்து, இதையும் மகன் பெயரில் மாற்றிவிடலாமே, பெற்றவள் பிள்ளைக்குக் கொடுத்தால் வரிகூட இல்லையே என்கிறார்கள். அம்மா அசையவில்லை. "தோட்டத்துல அம்பது வருஷம் என் பேரு செக்ரோல்ல, அந்தச் சம்பளப் பதிவுல மட்டும்தான் இருந்துச்சு. இதுல கொஞ்ச நாளு இருக்கட்டும். உங்களுக்குக் குடுக்கறதா, கோயிலுக்கு எழுதறதான்னு நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்கிறார். தம்பி மனைவிக்கு இதில் கொஞ்சம் கலக்கம். அம்மா யோசித்து முடிக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.